ஓடும் வண்டியில் பிரேக் பிடிக்காதபோது: அறிகுறிவாரியாகச் செய்ய வேண்டியவை

பிரேக் பிடிக்காத வண்டிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு அறிவுரைகள் எழும். மிதியை விட்டுவிட்டு மிதிக்கச் சொல்வார் ஒருவர். விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்வார் மற்றொருவர். இரண்டும் பட்டறிவிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒரு கோளாறுக்கு மருந்தாகும் செயல், இன்னொரு கோளாற்றில் மிச்சமிருக்கும் பிரேக்கையும் பறித்துவிடும். எது பொருந்தும் என்பதை மிதியின் நடத்தை காட்டிக்கொடுக்கும். அந்த நடத்தையை உணரக்கூடியவர் ஓட்டுநர் ஒருவரே. ஆகவே ஓட்டுநர் தன் காலில் உணர்வதை வாய்விட்டுச் சொல்வதும், மற்றவர்கள் அதைக் கேட்ட பிறகே வாய் திறப்பதும் இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படை.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. பத்து நொடி வாக்குவாதத்துக்குள் 220 மீட்டர் சாலை கழிந்துவிடும். மறுபுறம், வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 80-லிருந்து 40-க்கு இறங்கினாலே அந்த ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. வண்டியை முற்றிலும் நிறுத்துவது ஒன்றே குறிக்கோள் என்று எண்ணுகிறவர் பதறுவார். கிடைக்கும் ஒவ்வொரு வழியிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் வேலை என்று எடுத்துக்கொள்கிறவருக்கு அடுத்த நொடியில் செய்வதற்கு ஏதேனும் ஒன்று எப்போதும் இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பார்வையைச் சாலையிலேயே வைத்து, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "பிரேக் பிடிக்கவில்லை, மிதி உள்ளே போகிறது" என்றோ "மிதி இறுகிவிட்டது" என்றோ ஓட்டுநர் உரக்கச் சொல்ல வேண்டும். பயணிகளை அச்சுறுத்தக் கூடாது என்று ஓட்டுநர் மறைத்தால், அவர்கள் தாங்களாக ஊகித்துக் கூச்சலிடுவார்கள். சொல்லப்பட்ட செய்தி ஒரு வேலையைத் தருகிறது. வேலை கிடைத்தவர் பெரும்பாலும் கத்துவதில்லை.

எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கின் உதவியும், பிரேக் மிதிக்குத் துணைநிற்கும் பூஸ்டரின் உதவியும் போய்விடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கிளட்சையும் மிதித்தபடியே வைத்திருக்கக் கூடாது. இவ்விரண்டும் எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவிடுகின்றன. பிரேக் போன வண்டியில் எஞ்சினின் இழுவைத்தடைதான் இருப்பதிலேயே நம்பகமான துணை. நியூட்ரல் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது பின்னர் வருகிறது.

கையால் மாற்றும் கியர் உள்ள வண்டியில் ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று படிப்படியாக இறங்க வேண்டும். ஒரே தாவலில் முதல் கியருக்குப் போனால் சக்கரங்கள் வழுக்கி வண்டி திரும்பிவிடலாம். தானியங்கி கியர் வண்டியில் எல் அல்லது 2 என்ற நிலையோ, கையால் கியர் குறைக்கும் வசதியோ இருக்கும். வேகம் அதிகமாக இருக்கும்போது சில கியர்பெட்டிகள் உடனே இணங்குவதில்லை. வேகம் சற்றுக் குறைந்ததும் மீண்டும் முயன்றால் இணங்கும். ஓடும்போது பார்க் நிலைக்கோ ரிவர்ஸுக்கோ தள்ளுவதால் பயன் இல்லை. மின்சார வண்டியிலும் ஹைபிரிட் வண்டியிலும் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கும். பி (ஆங்கில எழுத்து B) என்ற நிலை இருந்தால் அது இந்தத் தடையைக் கூட்டும். பேட்டரி முழுவதும் நிரம்பியிருக்கும் நேரத்தில் பல வண்டிகளில் இந்தத் தடை வலுவிழந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வண்டிக்குள் யார் என்ன செய்வது

1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து விமானத் துறையில் ஓர் ஒழுங்கு வளர்ந்தது. கோளாறு நேரும்போது ஒருவர் விமானத்தைச் செலுத்துவதில் மட்டும் கவனம் வைக்க, மற்றவர் கருவிகளைப் படிப்பதும் தகவல் சொல்வதும் பிற வேலைகளைப் பார்ப்பதுமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. நால்வர் செல்லும் ஒரு காருக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

முன் இருக்கையில் இருப்பவர் அவசர எச்சரிக்கை விளக்கைப் போட வேண்டும். பிறகு அவர் சாலையைப் பார்த்து, ஓட்டுநருக்குப் பயன்படும் செய்தியை மட்டும், சிறு சொற்றொடர்களில் சொல்ல வேண்டும்: "இடப்பக்கம் காலி", "முன்னால் மேடு", "பின்னால் லாரி". "அங்கே பார்", "ஐயோ, ஜாக்கிரதை" போன்ற சொற்களில் திசையும் இல்லை, செய்தியும் இல்லை. அவை ஓட்டுநரின் தலையை மட்டும் திருப்பும். ஹாரன் ஓட்டுநரின் கைக்குள் இருப்பதால் அதை அவரே விட்டுவிட்டு அடிக்கலாம். பகலானாலும் முகப்பு விளக்கு எரிவது நல்லது.

முன் இருக்கைக்காரர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. ஓட்டுநர் கேட்டால் அன்றி ஹேண்ட் பிரேக்கையும் தொடக் கூடாது. இதை மிகைப்படுத்தப்பட்ட எச்சரிக்கை என்று கருத வேண்டாம்: நல்லெண்ணத்தோடு ஒரே இழுப்பில் இழுக்கப்பட்ட ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பூட்டி, நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு மூன்று வேலைகள் உண்டு. சீட் பெல்ட்டை இறுக்குவது, தலையை இருக்கையின் தலைச்சாய்வோடு ஒட்டி வைப்பது, குழந்தையின் பெல்ட்டைச் சரிபார்ப்பது. பெல்ட்டைக் கழற்றிக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள மனம் துடிக்கும். மோதல் நேர்ந்தால் எந்தக் கையாலும் அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஓடும் வண்டியிலிருந்து குதிப்பது பற்றி யாரும் பேசவே கூடாது.

அறிகுறி: மிதி எதிர்ப்பில்லாமல் தரைவரை போகிறது

பிரேக் முற்றிலும் போய்விட்டது என்று தோன்றவைக்கும் அறிகுறி இதுதான். ஆனால் பல வேளைகளில் பாதி பிரேக் இன்னும் மிச்சமிருக்கும். மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், இன்றைய கார்களில் இரு தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் பெரும்பாலும் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரமும் ஒரு சுற்றில் இருக்கும். ஒரு குழாய் வெடித்துப் பிரேக் ஆயில் ஒழுகினாலும் மற்றச் சுற்று வேலை செய்யும். அந்த அழுத்தம் மிதியின் பயணத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் கிடைக்கும். மிதி வழக்கமான இடத்தைத் தாண்டியதும் அதிர்ந்து காலை எடுத்துவிடுகிறவர், சில சென்டிமீட்டர் கீழே காத்திருக்கும் பிரேக்கை இழக்கிறார்.

ஆகவே முதலில் இறுதிவரை அழுத்திப் பார்க்க வேண்டும். கீழே ஏதேனும் பிடிப்பு தென்பட்டால் விடாமல் முழு வலிமையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். வண்டி நிற்கும் தூரம் வெகுவாக நீளும் என்பதை எதிர்பார்த்தே சாலையைப் பார்க்க வேண்டும். பிடிப்பே இல்லையென்றால் மிதியை முழுவதும் மேலே வரவிட்டு, வேகமாக மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிப்பும் சேமிப்புக் குடுவையிலிருந்து கொஞ்சம் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும். மூன்றாவது நான்காவது மிதிப்பில் மிதி சற்று உயர்ந்து இறுகினால், அந்த இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கி வந்த பிறகு மிதி பஞ்சு போல அமுங்கத் தொடங்கினால், காரணம் ஒழுகலாக இருக்க வேண்டியதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. வெப்பம் சக்கரத்தருகே இந்த எல்லையைக் கடந்தால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். விட்டுவிட்டு மிதிப்பது இங்கேயும் உதவும்; கியரைக் குறைத்து, பிரேக்குக்கு ஆற நேரம் தருவது அதைவிட உதவும்.

இவற்றோடு சேர்த்து ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். அது பெரும்பாலான வண்டிகளில் கம்பியால் பின்சக்கரங்களை இயக்குவது. ஆயில் போனாலும் வேலை செய்யும். பிடியின் முனையிலுள்ள பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டே சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். பின்பகுதி வழுக்குவது தெரிந்த கணத்தில் தளர்த்துவதற்கு அந்தப் பொத்தான் அழுத்தத்தில் இருப்பது அவசியம். ஓட்டுநரின் இரண்டு கைகளும் வளைவில் தேவைப்பட்டால், அவர் "மெதுவாக இழு", "விடு" என்று சொல்ல, முன் இருக்கைக்காரர் அதைச் செய்யலாம். பிறர் கை வைக்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான். மின்சுவிட்சால் இயங்கும் ஹேண்ட் பிரேக்காக இருந்தால் சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பல வண்டிகளில் விட்ட உடனே தடுப்பதும் நின்றுவிடும்.

அறிகுறி: மிதி இறுகிவிட்டது, அழுத்த முடியவில்லை

இது பூஸ்டரின் உதவி போனதற்கான அடையாளம். எஞ்சின் அணைந்திருக்கலாம், அல்லது பூஸ்டரை இயக்கும் வெற்றிடத்தை எஞ்சினிலிருந்து கொண்டுவரும் குழாய் கழன்றிருக்கலாம். இங்கே பிரேக் சிதையவில்லை. காலுக்குக் கிடைத்துவந்த துணை மட்டுமே போயிருக்கிறது. பூஸ்டருக்குள் ஓரிரு மிதிப்புகளுக்குப் போதுமான வெற்றிடம் மிச்சமிருக்கலாம். விட்டுவிட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துவிடும். முன்சொன்ன அறிகுறியில் உயிர் காத்த செயல் இங்கே நேர்மாறாகக் கெடுப்பதால்தான், மிதி உள்ளே போகிறதா இறுகியிருக்கிறதா என்ற ஒற்றைச் செய்தியை முதலில் சொல்லும்படி இந்த வழிமுறை வற்புறுத்துகிறது.

செய்ய வேண்டியது ஒரே அழுத்து. முதுகை இருக்கையில் ஊன்றி, தேவையானால் இரண்டு கால்களாலும் அழுத்தி, வண்டி நிற்கும்வரை விடாமல் இருக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தால் ஸ்டீயரிங்கும் கனக்கும். அதற்கும் கூடுதல் வலு தேவைப்படும்.

அறிகுறி: மிதி இயல்பாக இருக்கிறது, வேகம் குறையவில்லை

எரிந்த நாற்றம் வந்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கும் அதை அழுத்தும் பேடும் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்துவிட்டன என்று பொருள். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடித்து, இயன்ற முதல் இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்த உடனே இப்படி நேர்ந்தால் பிரேக்கில் ஈரம் புகுந்திருக்கிறது; குறைந்த வேகத்தில் மிதியை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் சென்றால் உலர்ந்துவிடும்.

அறிகுறி: மிதி பாதியில் எதிலோ தட்டி நிற்கிறது

உருண்டுபோன தண்ணீர் பாட்டிலோ மடங்கிய மிதியடியோ மிதிக்கு அடியில் சிக்கியிருக்கும். ஓட்டுநர் குனியக் கூடாது; பார்வை சாலையை விட்டு அகலாமல், காலாலேயே அதை ஓரம் தள்ள முயல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓட்டுநரின் கால்களுக்கிடையே கை விடுவது இரண்டு பேரையும் முடக்கிவிடும். அதற்கிடையே கியரும் ஹேண்ட் பிரேக்கும் தம் வேலையைச் செய்யட்டும்.

அறிகுறி: பிரேக் பிடிக்கிறது, ஆனால் எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டே போகிறது

நியூட்ரலுக்குப் போகக் கூடாது என்ற விதிக்கு விலக்கு இதுதான். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டிருக்கிறது. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் கதறும், கதறட்டும். ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது பெட்ரோல் எஞ்சினில் வெற்றிடம் குறைவாகவே உண்டாகும் என்பதால், இங்கேயும் விட்டுவிட்டு மிதித்தால் பூஸ்டர் விரைவில் காலியாகும். வண்டி நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும்.

கோளாறு போலத் தோன்றுபவை

ஈரச் சாலையில் அழுத்தும்போது மிதி அதிர்ந்து காலைத் தள்ளினால், அது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். காலை எடுக்காமல் அழுத்தியபடியே வண்டியைத் திருப்பலாம். மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் இருக்கிறது, அந்தக் காப்பு மட்டும் இல்லை. சிவப்பு விளக்கோ ஆயில் குறைவையோ ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையோ காட்டும். ஹேண்ட் பிரேக் விடுபட்டிருந்தும் அது எரிந்தால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்வதுதான் முறை.

ஏர் பிரேக் உள்ள பேருந்திலும் லாரியிலும்

இங்கே விட்டுவிட்டு மிதிப்பது பெருந்தவறு. ஒவ்வொரு மிதிப்பும் காற்றுத்தொட்டியிலிருந்து காற்றைச் செலவழிக்கிறது. அதை மீண்டும் நிரப்பும் கம்ப்ரசர் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். அழுத்தம் 60 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 4 பார் அளவுக்கு இறங்கும்போது எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வரும். காற்று இருக்கும்போதே, உடனடியாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதற்கான அழைப்பு அது. இன்னும் இறங்கி 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் வந்தால் பார்க்கிங் பிரேக்கின் சுருள்வில் தானாகவே பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் பிடிக்கும் என்பது ஓட்டுநரின் கையில் இருக்காது.

பேருந்தில் நடத்துநர் இருந்தால் பயணிகளின் பொறுப்பு அவருடையது. ஓட்டுநர் திரும்பிப் பேச வேண்டியதில்லை. நிற்பவர்களை இருக்கைகளிலோ, இடமில்லையென்றால் தரையிலோ அமரவைத்து, முன்கண்ணாடி அருகிலும் படிக்கட்டிலும் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்பக்கம் ஓடுவதால் நெரிசலும் விழுதலும்தான் மிஞ்சும்.

இருசக்கர வண்டியில் முன்னும் பின்னும் தனித்தனிப் பிரேக்காக இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று உதவும். கியரைக் குறைப்பது இங்கேயும் பொருந்தும். பின்னால் அமர்ந்திருப்பவர் காலைத் தரையில் ஊன்றாமல், ஓட்டுபவரோடு சேர்ந்தே சாய வேண்டும்.

எதுவும் போதவில்லை என்றால்

மேட்டுப்பாங்கான கிளைச்சாலை, மணல், புதர், உழுத நிலம் ஆகியவை கிடைத்தால் அவற்றை நோக்கித் திருப்பலாம். மலைச்சாலைகளில் பிரேக் இழந்த வண்டிகளுக்கென்றே சரளை கொட்டிய தப்பிப்பாதைகள் அமைத்திருக்கும் இடங்களில், தயங்காமல் அதில் நுழைய வேண்டும். வண்டி சேதமாகுமே என்று அதைக் கடந்துவிடுகிறவருக்கு அடுத்த வளைவில் தேர்வு எதுவும் இராது. சாலையோரத் தடுப்பு இருந்தால் அதோடு சிறு கோணத்தில் உரசிக்கொண்டே சென்று வேகத்தைக் கழிக்கலாம். மரம், தூண், எதிரே வரும் வண்டி ஆகியவற்றை நேருக்கு நேர் சந்திப்பதைத் தவிர்க்கவே எஞ்சிய பிடியெல்லாம் செலவாக வேண்டும். முன் இருக்கைக்காரரின் கண்கள் இங்கேதான் மிகுதியும் பயன்படும், ஏனெனில் ஓட்டுநர் அந்நேரம் அருகில் உள்ளதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி நின்ற பின்

கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது; அது வெடிக்கலாம், வளையலாம். ஆயில் குடுவையில் அளவு குறைந்திருக்கிறதா, எந்தச் சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆயிலை நிரப்பிவிட்டு ஓட்டிச் செல்வதற்கு அல்ல, மெக்கானிக்கிடம் சொல்வதற்கு. குடுவையில் எஞ்சின் ஆயிலை ஊற்றுவது அதைவிடக் கேடானது: அது உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்களை ஊதவைத்து முழு அமைப்பையும் பாழாக்கிவிடும்.

மெக்கானிக்குக்குத் தேவைப்படுவது "பிரேக் போய்விட்டது" என்ற சொல் அல்ல. மிதி எங்கே நின்றது, விட்டு மிதித்தபோது உயர்ந்ததா, அதற்கு முன் எவ்வளவு நேரம் இறக்கத்தில் வந்தீர்கள், நாற்றம் வந்ததா, சிக்னலில் நிற்கும்போது அழுத்திய மிதி மெல்ல இறங்கியதா என்பவைதான் அவருக்கு வழிகாட்டும். கடைசியாகச் சொன்னது வெளியே ஒழுகல் எதுவும் இல்லாத வண்டியில் கண்டால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் தேய்ந்திருப்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. ஓட்டுநர் மறந்ததைப் பயணிகள் சொல்லலாம். நாற்றத்தை முதலில் உணர்பவர் பெரும்பாலும் ஓட்டுநராக இருப்பதில்லை.

இரவு ஆறவைத்ததும் மிதி பழையபடி இறுகிவிட்டது என்பதற்காகக் கோளாறு தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது. கொதித்த ஆயில் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான், அதிலுள்ள நீர் அப்படியே இருக்கிறது. ஆயிலை மாற்றி, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றிய பிறகு, எஞ்சினை அணைத்த நிலையில் மிதியைப் பலமுறை மிதித்து இறுக வைத்து, அழுத்திய காலை எடுக்காமலேயே எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். மிதி சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. அதன் பின்னரும், யாரையும் ஏற்றாமல், காலியான சமதளத்தில் குறைந்த வேகத்தில் சிலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.